இறங்குவிளக்கும் உப்புக்காற்றும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு விமானங்களில் உள்ள பழைய இழை விளக்கைக் கழற்றிவிட்டு அதே குழியில் பொருத்தக்கூடிய எல்.இ.டி. இறங்குவிளக்கு (விமானம் தரையிறங்கும்போது முன்னால் ஓடுபாதையில் ஒளி பாய்ச்சும் விளக்கு) ஒன்றை நம் மாவட்டத்துப் பொறியியல் மாணவர்கள் வடிவமைத்து வருகிறார்கள் என்று தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வெளிவந்த செய்தியைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். முப்பத்தோரு ஆண்டுகள் விமான மின்கருவிப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, இப்போது மண்டபத்தில் சொந்த வீட்டில் வசிக்கிறேன். பணிக்காலத்தில் நான் கழற்றி மாட்டிய இறங்குவிளக்குகளுக்குக் கணக்கில்லை. ஆகவே அந்தச் செய்தியில் விளக்கின் சிறப்பாகச் சொல்லப்பட்ட இரண்டு விஷயங்களைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதக் கடமைப்பட்டவனாக உணர்கிறேன். பழைய விளக்கைவிட லூமன், அதாவது மொத்த ஒளி, அதிகம் என்பது ஒன்று. மின்சாரம் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் ஓர் இறங்குவிளக்கு விமானத்துக்கு ஏற்றதா என்பதை இந்த இரண்டையும் வைத்து முடிவு செய்ய இயலாது என்பதையும், அதை முடிவு செய்யும் மற்ற விஷயங்களைச் சோதித்துப் பார்க்க நம் கடற்கரையைவிடப் பொருத்தமான இடம் எளிதில் அமையாது என்பதையும் அந்த மாணவர்களின் கவனத்துக்குக் கொண்டுவரவே இந்தக் கடிதம்.

எந்த விளக்கை மாற்றப் போகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிறு விமானங்களில் இன்றும் பரவலாக இருப்பது சீல்டு பீம் என்ற வகை. இழை, பிரதிபலிக்கும் கிண்ணம், முன்கண்ணாடி மூன்றும் ஒன்றாக உருக்கி அடைக்கப்பட்ட விளக்கு அது. 1940ஆம் ஆண்டு மாடல் அமெரிக்கக் கார்களின் முகப்பு விளக்காக வந்து, அங்கிருந்து விமானங்களுக்கும் பரவியது. அதன் அளவை 'பார்-36', 'பார்-46', 'பார்-64' என்று சொல்வார்கள். அந்த எண்ணை எட்டால் வகுத்தால் விளக்கின் விட்டம் அங்குலத்தில் கிடைத்துவிடும். ஆக பார்-36 என்பது நாலரை அங்குலம். பயிற்சி விமானங்களில் நான் அதிகம் கையாண்டது 4509 என்ற எண்ணுடைய 100 வாட் விளக்கு. அதன் ஆயுள் என்று தயாரிப்பாளர்களே குறிப்பிடுவது 25 மணி நேரம். இயந்திர மூடியிலேயே விளக்கு பொருத்தப்பட்ட விமானங்களில் அதிர்வு காரணமாக அந்த 25 மணி நேரம்கூட நிற்காது. கழற்றிக் கையில் எடுத்து மெல்ல ஆட்டினால், அறுந்த இழை கண்ணாடிக்குள் கிணுகிணுவென்று உருளும் ஓசை கேட்கும். அந்த ஓசையை நான் வாரம் ஒரு முறையாவது கேட்டிருப்பேன்.

இதனால் விமானிகளிடம் ஒரு பழக்கம் வளர்ந்துவிட்டது. பல்பு போய்விடுமே என்று விளக்கை மிச்சம் பிடிப்பார்கள். இரவில் இறங்கும் கடைசி இரண்டு நிமிடத்துக்கு மட்டும் போடுவார்கள். உண்மையில் விமான நிலையத்தை நெருங்கும்போது பகலிலும் இறங்குவிளக்கு எரிந்துகொண்டிருப்பது நல்லது. எதிரே வரும் விமானி தூரத்திலேயே கண்டுகொள்வார். பறவைகளும் முன்கூட்டியே கண்டு விலக வாய்ப்புண்டு. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை என்று வலசைப் பறவைகள் வந்திறங்கும் கண்மாய்கள் நிறைந்த மாவட்டம் இது. தனுஷ்கோடியில் பூநாரைகள் கூட்டமாக எழும்புவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஊர் வானத்தில் பறவை எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரியும். பல்லாயிரம் மணி நேரம் எரியக்கூடிய எல்.இ.டி. விளக்கின் பெரும் பயன் இதுதான் என்று நான் கருதுகிறேன். மின்சாரச் சிக்கனம் அதற்கு அடுத்துதான்.

இனி லூமன் கணக்கு. லூமன் என்பது விளக்கிலிருந்து வெளியேறும் மொத்த ஒளியின் அளவு. அந்த ஒளி எந்தப் பக்கம் போகிறது என்று அது சொல்வதில்லை. ஒரு திசையில் எவ்வளவு செறிவாகப் போகிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. விமானிக்கு வேண்டியது கேண்டெலா. வழக்கமான 3 பாகைச் சரிவில் இறங்கும் விமானம் ஓடுபாதையின் விளிம்பை 50 அடி உயரத்தில் கடக்கும்போது, சக்கரம் தரை தொடவேண்டிய இடம் சுமார் 300 மீட்டருக்கு அப்பால் இருக்கும். சிறு விமானத்தின் வேகத்தில் அது ஏறத்தாழ 9 விநாடிப் பயணம். அந்த 300 மீட்டர் தூரத்தில் தரையில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதுதான் கேள்வி. அப்படி விழும் ஒளியை அளக்கும் அலகு லக்ஸ். 1,00,000 கேண்டெலா விளக்கு என்றால், தூரத்தின் வர்க்கத்தால் வகுக்க, அங்கே 1 லக்ஸுக்குச் சற்று அதிகமாக விழும். முழுநிலவு நாள் வெளிச்சத்தைவிட அது சில மடங்கு கூடுதல். தார்ச்சாலையின் தன்மையும் வெள்ளைக் கோடுகளும் விமானியின் கண்ணுக்குப் புலப்படத் தொடங்கும்.

இந்த 1,00,000 கேண்டெலாவை 10 பாகை அகலமுள்ள ஒளிக்கற்றையில் சீராகப் பெறுவதற்கு ஏறக்குறைய 2,400 லூமன் போதும். அதே 2,400 லூமனை 40 பாகை அகலத்துக்கு விரித்துவிட்டால் செறிவு 6,300 கேண்டெலாவாகக் குறைந்துவிடும். 300 மீட்டரில் கிடைப்பது 0.07 லக்ஸ், அதாவது ஏறத்தாழ இருட்டு. லூமனில் ஒரு குறையும் இல்லை. வெளிச்சம்தான் பதினாறில் ஒரு பங்காகிவிட்டது. பெட்டியின் மேல் அச்சிட்ட லூமன் எண்ணைப் பார்த்து விளக்கு வாங்கியவர்கள் "என்ன அண்ணே, பழசே பரவாயில்லையே" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டதன் காரணம் பெரும்பாலும் இதுவாகவே இருந்தது.

அதே சமயம், அந்த 40 பாகை விரிவு டாக்ஸி விளக்குக்கு மிகவும் பொருத்தமானது. விமானம் தன் சக்கரங்களில் மெல்ல நகர்ந்து ஓடுபாதைக்குப் போவதையும் அங்கிருந்து திரும்புவதையும் டாக்ஸி என்கிறோம். அப்போது விமானிக்கு 30 மீட்டர் தூரம் தெரிந்தால் போதும். ஆனால் திருப்பத்தின் உள்விளிம்பும், இறக்கையின் முனை உரசக்கூடிய கம்பமும், தரையில் நிற்கும் ஊழியரும் தெரிந்தாக வேண்டும். 6,300 கேண்டெலா 30 மீட்டரில் 7 லக்ஸ் தரும், அது தாராளம். ஆக இறங்குவிளக்கும் டாக்ஸி விளக்கும் ஒரே உடலுக்குள் ஒரே எல்.இ.டி. வைத்துச் செய்யப்பட்டாலும் லென்ஸ் வேறு, குறிவைக்கும் கோணம் வேறு. 'இரண்டுக்கும் பயன்படும்' என்று ஒரே விளக்கை விற்பது இரண்டு வேலையையும் பாதியாக்குவதுதான்.

குறுகிய கற்றை வேண்டுமானால் ஒளிமூலம் சிறியதாக இருக்க வேண்டும். 2 மில்லிமீட்டர் அகல எல்.இ.டி.யை 20 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள லென்ஸின் பின்னால் வைத்தால் கற்றை சுமார் 6 பாகைக்குள் அடங்கும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும், 20 மில்லிமீட்டர் அகலத்துக்கு மஞ்சள் பூச்சுடன் இருக்கும் பெரிய எல்.இ.டி. தட்டை 40 மில்லிமீட்டர் குவியத்தூரத்தில் வைத்தாலும் 28 பாகைக்குக் குறையாது. அதற்கு மேல் எந்தக் கிண்ணத்தை மாற்றினாலும் ஒளி வீணாகுமே தவிரக் கற்றை குறுகாது. செய்தியோடு வெளியான படத்தில் இருந்தது இத்தகைய தட்டு என்றே என் கண்ணுக்குப் பட்டது. படத்தை வைத்து நான் தவறாக நினைத்திருந்தால் மாணவர்கள் பொறுத்தருள வேண்டும். அப்படித்தான் என்றால், நாலரை அங்குல வட்டத்துக்குள் பல சிறு எல்.இ.டி.களை ஒவ்வொன்றுக்கும் தனி லென்ஸுடன் அடுக்கிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அப்படி அடுக்கினால் ஒன்று பழுதானாலும் மற்றவை எரியும் வகையில் இரண்டு தனிச் சுற்றுகளாகவும் பிரித்துக்கொள்ளலாம். இழை விளக்கில் அந்த வசதி கிடையாது. அறுந்தால் முழு இருட்டு.

கண்கூச்சத்தைப் பற்றியும் ஒரு சொல். பெரிய பயணிகள் விமானங்களுக்கான அமெரிக்க விதி 25.1383 இறங்குவிளக்கின் ஒளியைப் பற்றிக் கேட்பது மூன்று விஷயங்கள்: விமானியின் கண்ணைக் கூசச் செய்யக்கூடாது; விளக்கைச் சுற்றிலும் காற்றில் எழும் ஒளிமூட்டத்தால் அவர் பார்வை கெடக்கூடாது; இரவில் இறங்கப் போதிய ஒளி தர வேண்டும். வெளிச்சம் மூன்றாவதாக நிற்பதைக் கவனியுங்கள். வெள்ளை எல்.இ.டி. என்பது நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சள் நிறத்தில் ஒளிரும் பூச்சு இட்டது. அதனால் அதன் ஒளியில் நீலம் மிகுதி. வாடைக்காற்றுக் காலத்து இரவுகளில் வடகடல் பக்கமிருந்து வரும் நுண்ணிய உப்பு மூட்டத்தில் நீல ஒளி சற்று அதிகம் சிதறி, விமானியின் முன்னால் ஒரு வெண்திரையாக எழும்பக்கூடும். மஞ்சள் ஒளி அடர்பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்று பரவலாக நம்புகிறார்கள். பனித்துளி பெரிதாக இருக்கும்போது நிறத்தால் பெரிய வேறுபாடு ஏற்படுவதில்லை. விளக்கு விமானியின் பார்வைக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, கற்றையைச் சுற்றி எவ்வளவு ஒளி வழிகிறது என்பவைதாம் முக்கியம். ஆகவே கற்றையின் நடுச் செறிவை மட்டும் அளந்துவிட்டு நிறுத்தாமல், 15 பாகை, 30 பாகை தள்ளி எவ்வளவு ஒளி கசிகிறது என்பதையும் அளந்து குறிக்க வேண்டும்.

வெப்பத்துக்கு வருகிறேன். இழை விளக்கு தன் வெப்பத்தை ஒளியோடு சேர்த்து முன்பக்கமாகவே வீசிவிடும். எல்.இ.டி. ஒளியை முன்னால் அனுப்பி, வெப்பத்தைத் தன் முதுகில் தேக்கிக்கொள்ளும். 36 வாட் விளக்கு என்றால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 24 வாட், பின்புறத் துடுப்புத் தகடுகள் வழியாக வெளியேற வேண்டும். பறக்கும்போது காற்று வந்து குளிரவைக்கும். ஆனால் டாக்ஸி விளக்கு எரிவது பெரும்பாலும் விமானம் காற்றின்றி நிற்கும்போதுதான். சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் காய்ந்த தார்த்தளம் இரவு எட்டு மணிக்கும் அனல் கக்கிக்கொண்டிருக்கும். அந்த அனலின் மேல் இருபது நிமிடம் வரிசையில் நிற்கும் விமானத்தின் விளக்குக்குள் என்ன நடக்கிறது என்பதையே வடிவமைப்பாளர் முதலில் கேட்க வேண்டும். சூடு ஏறினால் மின்னோட்டத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும் சுற்று எல்லா நல்ல எல்.இ.டி. விளக்குகளிலும் இருக்கும், அது எல்.இ.டி.யைக் காப்பாற்றும். ஆனால் காத்திருந்து மேலெழும்பும் நேரத்தில் விளக்கு பாதியாக மங்கியிருந்தால் விமானியை யார் காப்பாற்றுவது? எந்த வெப்பநிலையில், எத்தனை நிமிடத்தில், எவ்வளவு மங்கும் என்று விளக்கோடு எழுதித் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது உப்பு. நான் இவ்வளவு நீளமாக எழுதத் துணிந்ததற்கு இதுவே காரணம்.

பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளில், கடற்கரையோரம் இயங்கிய ஒரு பயிற்சிப் பள்ளியின் விமானம் ஒன்றில் புதிதாக மாட்டிய எல்.இ.டி. இறங்குவிளக்கு இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் மினுங்கத் தொடங்கியது. பெயர் பெற்ற தயாரிப்புத்தான். கழற்றி மேசையில் வைத்தேன். வெளியே பார்க்கப் புதிதாகவே இருந்தது. பின்மூடியை இறுக்கியிருந்த துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகள் நான்கும் பளபளவென்று இருந்தன. ஆனால் ஒவ்வொரு திருகாணியின் தலையைச் சுற்றியும் அலுமினிய உடல் உப்பி, சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி கட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடி உதிர்ந்து அடியில் குழி தெரிந்தது. மூடியைத் திறந்தபோது மின்சுற்றுப் பலகையின் செம்புக் கோடுகளில் பச்சைக் களிம்பு. ரப்பர் வளையம் கிழியவில்லை, நசுங்கவும் இல்லை. அப்படியானால் உப்பு எந்த வழியாக உள்ளே போனது?

விளக்கு மூச்சு விடுகிறது. எரியும்போது உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிந்து, எங்கேனும் ஒரு மயிரிழை இடைவெளி வழியாக வெளியேறும்; அணைந்து குளிரும்போது வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். இது போதாதென்று, விமானம் 10,000 அடி ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 70 சதவீதமாகக் குறைந்துவிடும். இறங்கும்போது திரும்பக் கூடும். ஒவ்வொரு பயணமும் விளக்குக்கு ஒரு நெடுமூச்சு. கடலோரத்தில் இறங்கும்போது அது இழுப்பது உப்புக்காற்றை. உப்பு உள்ளே படிந்த பிறகு தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை ஈர்த்துக் கரைசலாகிவிடும். மழைக்காலத்தில் சமையலறை உப்புஜாடி கசிவதை நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அறிவார்கள். விளக்கின் பலகை மேலும் அதுவேதான் நடக்கிறது. எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு, இடையில் உப்புக்கரைசல் நின்றுவிட்டால் அது ஒரு சிறு மின்கலம். அதில் அலுமினியம்தான் தன்னை இழக்கும்.

இதற்குத் தீர்வுகள் இல்லாமல் இல்லை. காற்றை விட்டு நீரைத் தடுக்கும் நுண்துளைச் சவ்வு ஒன்றை உடலில் வைத்தால் விளக்கு கண்ட இடுக்கு வழியாக மூச்சு விடாது. திருகாணிக்கும் உடலுக்கும் இடையில் மின்கடத்தா வளையமும் அரிப்புத் தடுப்புப் பசையும் இடலாம். பலகை முழுவதற்கும் பாதுகாப்புப் பூச்சு பூசலாம். துளை போட்ட பிறகு அந்தத் துளையின் உட்சுவருக்கும் மறுபடி பூச்சு ஏற்றலாம். கடைசியாகச் சொன்னதைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். படகு கட்டும் நம்மூர் ஓடாவியிடம் கேட்டால், படகில் ஆணி அடித்த இடத்தில்தான் அழிவு தொடங்கும் என்று உடனே சொல்லிவிடுவார்.

விமானக் கருவிகளுக்கான டிஓ-160 என்ற சோதனை நெறித்தொகுப்பில் உப்புமூட்டச் சோதனைக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. மூடிய அறையில் 35 பாகை செல்சியஸில் 5 சதவீத உப்புக்கரைசலைப் பனிபோல் தூவுவார்கள். அது தேவையான சோதனைதான். ஆனால் நம் கரையில் நடப்பது வேறு. பகலில் வெயில் உப்பைக் காயவைக்கிறது. இரவில் ஈரம் அதைக் கரைக்கிறது. மறுநாள், தென்மேற்குப் பருவக் காலமானால், கச்சான் காற்று மணலைக் கொண்டுவந்து பூச்சின் மேல் தேய்க்கிறது. இப்படிக் காய்ந்து நனைந்து காய்ந்து நனைவது, சீராக நனைந்தே இருப்பதைவிட வேறு விதமாக உலோகத்தைத் தின்னும். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், நாம் சிக்ரி என்று அழைப்பது, மண்டபத்துக் கடற்காற்றில் உலோகத் துண்டுகளை வைத்து அவை அரிபடும் விதத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறது. பாம்பன் பாலத்தைத் துருவிடமிருந்து காப்பது 1914 முதல் ரயில்வேக்கு ஓயாத வேலையாக இருந்தது. இந்தக் காற்றைத் தாங்கும் விளக்கு நாட்டின் எந்த விமான நிலையத்திலும் தாங்கும்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோளாறு. என் மைத்துனர் பாம்பனில் விசைப்படகு வைத்திருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் படகின் தளத்தில் மலிவான எல்.இ.டி. விளக்குகளை மாட்டினார். அன்றிரவு முதல் வி.எச்.எஃப் ரேடியோவில் மற்றப் படகுகளின் பேச்சு சரியாகக் கேட்கவில்லை. ரேடியோ கெட்டுவிட்டது என்று கடைக்கு எடுத்துப் போக இருந்தவரை நிறுத்தி, விளக்கை அணைத்துப் பார்க்கச் சொன்னேன். அணைத்ததும் இரைச்சல் நின்று குரல்கள் தெளிவாக வந்தன. போட்டதும் மறுபடி ஒரே சீறல். எல்.இ.டி.க்கு மின்னோட்டத்தைச் சீர்செய்து தரும் டிரைவர் சுற்று நொடிக்குச் சில லட்சம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்புகிறது. ஒவ்வொரு வெட்டும் அதன் மடங்கு அலைவரிசைகளில் எல்லாம் சிறு இரைச்சலை எழுப்பும். விளக்குக்குப் போகும் நீண்ட கம்பி அதற்கு ஆன்டெனாவாகிவிடும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றிக் கப்பல்களுக்கும் படகுகளுக்கும் எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது.

படகு ரேடியோவின் அவசர அலைவரிசை 156.8 மெகாஹெர்ட்ஸ். விமானி தரைக்கட்டுப்பாட்டோடு பேசுவது 118 முதல் 137 வரை. அதற்குச் சற்றுக் கீழே 108 முதல் 118 வரை அவருக்குத் திசைகாட்டும் சமிக்ஞைகளும் ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் சமிக்ஞையும் வருகின்றன. எல்லாம் அக்கம்பக்கம்தான். இறங்குவிளக்கைப் போடும் நேரமே விமானி இவற்றை உன்னிப்பாகக் கவனிக்கும் நேரம். ஆகவே வடிகட்டிச் சுற்று, முறுக்கிய கம்பி, முழுதும் மூடிய உலோக உடல், அந்த உடலுக்கும் விமானச் சட்டத்துக்கும் இடையே நல்ல மின்தொடர்பு ஆகியவை விளக்கின் உறுப்புகளாகவே கருதப்பட வேண்டும்.

இங்கேதான் உப்பும் இரைச்சலும் ஒன்றுசேர்கின்றன. நான் குறிப்பிட்ட அந்த விளக்கைக் கழற்றுவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே விமானிகள் ரேடியோவில் இரைச்சல் என்று புகார் எழுதியிருந்தார்கள். ரேடியோவைச் சோதித்தோம், ஆன்டெனாவைச் சோதித்தோம், ஒன்றும் அகப்படவில்லை. விளக்கு புதிதாக மாட்டியபோது இரைச்சல் இல்லாததால் அதன் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. திருகாணியைச் சுற்றிக் கட்டிய வெள்ளைப் பொடி மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் மூடிக்கும் உடலுக்கும், உடலுக்கும் விமானத்துக்கும் இருந்த தொடர்பு தளர்ந்து, முன்பு உள்ளேயே அடங்கியிருந்த இரைச்சல் வெளியே கசியத் தொடங்கிவிட்டது. பொடியைச் சுரண்டிச் சுத்தம் செய்து திரும்ப இறுக்கியதும் இரைச்சல் அடங்கியது. இந்த அனுபவத்துக்குப் பிறகு நான் எல்லோரிடமும் சொல்லி வருவது ஒன்றே: புதிய விளக்கில் ஒரு முறை ரேடியோ சோதனை செய்யுங்கள், உப்பில் ஊறிய பிறகு அதே விளக்கில் இன்னொரு முறை செய்யுங்கள். முதல் சோதனையில் தேறுவது எளிது.

அதிர்வுச் சோதனை, திசைமானியின் முள்ளை விளக்கு இழுக்கிறதா என்ற சோதனை, 14 வோல்ட்டிலும் 28 வோல்ட்டிலும் மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது தாங்குகிறதா என்ற சோதனை இவையெல்லாம் அந்த நெறித்தொகுப்பிலேயே விரிவாக உள்ளன, மாணவர்கள் படித்துக்கொள்வார்கள். இவற்றை முடித்தாலும் விளக்கை நேரே விமானத்தில் மாட்டிவிட முடியாது. சிவில் விமானத்தில் செய்யும் மாற்றத்துக்கு சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் ஒப்புதல் வேண்டும். ராணுவ விமானம் என்றால் பெங்களூருவில் உள்ள செமிலாக் அமைப்பின் ஒப்புதல் வேண்டும். அந்த வழி நீளமானது. அதற்காக மாணவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. முறையாகப் பதிவு செய்த சோதனைக் குறிப்பேடு ஒன்று கையில் இருந்தால், பின்னால் எந்த நிறுவனம் இந்த வேலையை எடுத்துச் செய்ய முன்வந்தாலும் அதுதான் முதலீடு.

நம் மாவட்டத்தில் இதற்குத் தேவை இருக்கிறது என்பதையும் குறிப்பிட விரும்புகிறேன். உச்சிப்புளியில் 2009ஆம் ஆண்டு முதல் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானதளம் இயங்கி வருகிறது. ராமேஸ்வரத்தில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2025-26ஆம் ஆண்டுக்கான மாநில நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டிருக்கிறது. இங்கே இரவில் கடல் பக்கமிருந்து இறங்கும் விமானிக்குக் கீழே தெருவிளக்கு கிடையாது, வீடு கிடையாது, அடிவானம்கூடத் தெரியாது. கரிய நீருக்கு மேல், உயரத்தைக் கண்ணால் கணிக்க ஒரு பிடிமானமும் இல்லாமல் வந்து, ஓடுபாதையின் விளிம்பு விளக்குகளுக்கு நடுவில் தன் சொந்த விளக்கின் ஒளியில்தான் தரையைப் பார்ப்பார்.

ஆகவே அந்த மாணவர்களுக்கும் அவர்களுடைய ஆசிரியர்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். விளக்கின் கற்றையை இரவில் ஒரு திறந்தவெளியில், 30 மீட்டரிலும் 300 மீட்டரிலும், நடுவிலும் ஓரங்களிலும் லக்ஸ் மீட்டரால் அளந்து அந்த எண்களை வெளியிடுங்கள். ஒரே மாதிரியான நான்கு விளக்குகள் செய்து, இரண்டை ஆய்வகத்தில் வையுங்கள். இரண்டைக் கடற்கரையில் தினமும் இரண்டு மணி நேரம் எரியவிட்டு அணைத்து, ஒரு வாடைக்காலமும் ஒரு கச்சான் காலமும் முழுதாகக் கழியும்வரை விட்டுவையுங்கள். பிறகு நான்கையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கின் அருகிலும் ரேடியோவை வைத்துக் கேளுங்கள். என் வீட்டு மொட்டைமாடி தென்கடலிலிருந்து இருநூறு மீட்டருக்குள் இருக்கிறது. மாடியில் இரும்புச் சட்டம் ஒன்றும் மின்இணைப்பும் தயாராக வைத்திருக்கிறேன். தினமும் மாலையில் போட்டு அணைத்துக் குறிப்பெழுதுவதற்கு ஓய்வுபெற்றவனுக்கு நேரம் இருக்கிறது. கல்லூரி முதல்வர் ஒரு கடிதம் அனுப்பினால், இந்தப் புரட்டாசிக்குள், வாடை தொடங்குவதற்கு முன்பே விளக்குகளை ஏற்றிவிடலாம். என் முகவரி தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. அவர்கள் கேட்டால் கொடுத்துதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற விமான மின்கருவித் தொழில்நுட்பர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.